முதுநிலை வேதியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. வேதியியல் பாடத்திட்டத்தை வகுக்கும் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

குறுகிய டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இழைகளைத் தொகுக்கும் ஆய்வகம் ஒன்றில் நான் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எங்களிடம் நேர்காணலுக்கு வரும் முதுநிலைப் பட்டதாரிகளிடம், டி.என்.ஏ.வைக் காட்டிலும் ஆர்.என்.ஏ. ஏன் எளிதில் சிதைகிறது என்று கேட்பது என் வழக்கம். "அது பயாலஜி சார், எங்களுக்கு இல்லை" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். சர்க்கரை வளையத்தின் 2' இடத்தில் (இரண்டாம் கார்பனில்) ஆர்.என்.ஏ.வுக்கு மட்டுமே உள்ள ஹைட்ராக்சில் தொகுதி பக்கத்திலிருக்கும் பாஸ்பரஸைத் தாக்கி இழையை அறுத்துவிடுகிறது. அண்டைத் தொகுதியின் பங்கேற்பு என்ற தலைப்பில் அதே மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தேறிய பாடம்தான் அது. இம்மடலை எழுத வைத்ததும் அந்தப் பதில்தான்.

நோய்க்குக் காரணமான மரபணுவை அடக்கும் மருந்தாகவும் இத்தகைய குறுகிய இழைகள் பயன்படுகின்றன. எந்த மரபணுவை அடக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அதற்கு ஒத்த இழையின் எழுத்துவரிசையைத் தாளில் எழுதிவிடலாம். ஆனால் அந்த இழையை அப்படியே இரத்தத்தில் செலுத்தினால் நொதிகள் சில நிமிடங்களில் நறுக்கிவிடும், மிஞ்சியதைச் சிறுநீரகம் வடித்துவிடும், தப்பிய சிறு பங்கையும் அதன் எதிர்மின்சுமை செல்லுக்குள் நுழைய விடாது. பாஸ்பேட்டின் ஓர் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகத்தை வைத்துச் செய்த ஃபோமிவிர்சென் என்னும் இழை மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோதுகூட, அதைக் கண்ணுக்குள் நேரடியாக ஊசியால் செலுத்த வேண்டியிருந்தது.

வேதியியல் இங்கே என்ன செய்கிறது என்பதை இரண்டு மருந்துகளை அருகருகே வைத்தால் பார்த்துவிடலாம். ரெவுசிரான், வுட்ரிசிரான் ஆகிய இரண்டும் கல்லீரலில் உருவாகும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற ஒரே புரதத்தைக் குறிவைப்பவை. கல்லீரல் செல்லின் ஏற்பி பற்றிக்கொள்வதற்காக இரண்டின் நுனியிலும் என்-அசிட்டைல்கேலக்டோசமைன் என்னும் சர்க்கரை மும்மூன்றாகக் கோக்கப்பட்டிருக்கிறது. முன்னதை வாரந்தோறும் 500 மில்லிகிராம் கொடுக்க வேண்டியிருந்தது. மருந்து பெற்றவர்களிடையே இறப்புகள் கூடுதலாக இருந்ததால் 2016-இல் அது கைவிடப்பட்டது. மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னதில் இழை முனைகளில் கந்தக இணைப்புகளைக் கூட்டினார்கள், ஃபுளூரினும் மெத்தாக்சியும் எந்தெந்தச் சர்க்கரையில் அமர வேண்டும் என்பதை மாற்றியமைத்தார்கள். 2022-இல் ஒப்புதல் பெற்ற அம்மருந்தின் அளவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 25 மில்லிகிராம். காலாண்டுக்குக் கணக்கிட்டால் 6,500 மில்லிகிராம் செய்ய வேண்டிய வேலைக்கு 25 போதுமானதாகிவிட்டது. இந்த வேதியியலை வளர்த்தெடுத்தவர்களுள் முன்னணியில் நிற்கும் முத்தையா மனோகரன் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தவர் என்பதை உங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையிராது.

இதற்கெனத் தனித் தாள் ஒன்றைச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. சேர்த்தால் அது விருப்பப் பாடமாகி, நடத்த ஆளில்லை என்று ஓரிரு ஆண்டுகளில் கிடப்பில் போடப்படும். ஏற்கெனவே நடத்தும் பாடங்களுக்குள் இம்மருந்துகளை எடுத்துக்காட்டுகளாக நுழைத்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆறணு வளையமான சைக்ளோஹெக்சேனின் நாற்காலி வடிவத்துக்குப் பல மணி நேரம் செலவிடும் நாம் ஐந்தணு வளையத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். 2' இடத்தில் ஃபுளூரின் அமர்ந்ததும் ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையான ரைபோஸின் வளையம் எந்தப் பக்கம் மடங்குகிறது, அதனால் இழை தன் இணையை ஏன் இறுகப் பற்றுகிறது என்பதை அங்கேயே நடத்தலாம். முப்பரிமாண வேதியியல் வினாத்தாளுக்கு நுசினெர்சென் ஒன்றே போதும். முதுகுத்தண்டு தசைநலிவு நோய்க்கான அந்த மருந்தில் 18 நியூக்ளியோடைடுகளும் அவற்றை இணைக்கும் 17 பாஸ்போரோதயோயேட் (கந்தகம் ஏறிய பாஸ்பேட்) இணைப்புகளும் உள்ளன. கந்தகம் ஏறியதும் ஒவ்வொரு பாஸ்பரஸும் கைரல் மையமாக, அதாவது கண்ணாடிப் பிம்பம்போல் இருவித அமைப்பு கொள்ளக்கூடிய அணுவாக ஆகிவிடுவதால் 2-இன் 17-ஆம் அடுக்கு, அதாவது 1,31,072 மாற்றியங்கள் சாத்தியம். நோயாளிக்குச் செலுத்தப்படுவது அவற்றின் கலவையே. கைரல் மையம் என்றாலே கார்பன் என்று மனப்பாடம் செய்த மாணவருக்கு இதைவிட நல்ல அதிர்ச்சி வேறு கிடைக்காது.

வினைபடக் கூடாத இடத்தைத் தற்காலிகமாக மூடிவைக்கும் காப்புத் தொகுதிகளைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் என் அன்றாடப் பிழைப்பே அதுதான். இழையில் ஓர் எழுத்தைச் சேர்ப்பதற்குமுன் அதன் நுனியிலுள்ள டைமெத்தாக்சிட்ரைட்டைல் தொகுதியை அமிலத்தால் கழற்றுவோம். அப்போது வெளியேறும் கரைசல் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் குழாய் வழியே ஓடும். அந்த நிறத்தின் அடர்த்தியே முந்தைய இணைப்பு எவ்வளவு நிறைவாக நடந்தது என்பதற்கான மதிப்பெண். ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் கரைப்பானான அசிட்டோநைட்ரைலின் புட்டியைச் சற்றுக் கவனக்குறைவாகத் திறந்துவைத்தால் போதும், உள்ளே புகுந்த ஈரம், அடுத்த எழுத்தைச் சேர்க்கப் பயன்படும் பாஸ்போரமிடைட்டைத் தின்றுவிட, ஆறாவது ஏழாவது சுற்றிலேயே ஆரஞ்சு வெளிறத் தொடங்கும். இருபது இணைப்புகள் கொண்ட இழையில் ஒவ்வொரு படியும் 99 விழுக்காடு நிறைவேறினால் முழுநீள இழை ஏறத்தாழ 82 விழுக்காடு கிடைக்கும், 98 ஆகக் குறைந்தால் 67தான். ஒரு விழுக்காட்டின் விலையை இப்படிக் கண்ணால் பார்த்த மாணவர் விளைச்சல் கணக்கை அலட்சியமாகப் போடமாட்டார்.

இதைச் செய்துகாட்ட விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ட்ரைட்டைல் காப்பிட்ட தைமிடின் சில மில்லிகிராம், டைகுளோரோஅசிட்டிக் அமிலம் சில துளிகள், கல்லூரியில் ஏற்கெனவே இருக்கும் நிறமாலைமானி ஆகியவை போதும். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இந்த ஒரு செய்முறையையாவது முதலாண்டு ஆய்வகத்தில் சேர்த்தால், செய்முறைக் குறிப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரவும், அழைக்கும் கல்லூரிக்கு நேரில் வந்து ஆசிரியர்களோடு சேர்ந்து செய்துபார்க்கவும் நான் தயாராக இருக்கிறேன்.

பணிவுடன்,
நியூக்ளிக் அமிலத் தொகுப்பு ஆய்வகமொன்றில் பணிபுரியும் வேதியியலாளர்