மனோரி முகத்துவாரத்தில் எங்கள் விளக்கைப் பார்த்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

டிசம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் மும்பை மனோரி முகத்துவாரத்துக்கு வெளியே இருட்டில் மாட்டிக்கொண்ட எங்கள் கயாக் (துடுப்பால் ஓட்டும் சிறு படகு) குழு முழுதாகக் கரை சேர்ந்துவிட்டது. தோளில் அடிபட்ட தோழி நலமாக இருக்கிறாள். செய்தி கேட்டு ஃபோன் செய்தவர்கள், வீட்டுக்கு வந்து விசாரித்தவர்கள், மாட்டுங்கா கோயிலில் எங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள் அனைவருக்கும் முதலில் என் நன்றி.

"கையில லைட் இருந்ததால பொழச்சீங்க" என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். அந்த விளக்குகளைத் தேர்ந்து கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், எப்போது ஏற்றவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் இருக்கிறார், இருட்டில் அதைப் பார்த்துப் படகைத் திருப்பியவர் இருக்கிறார். அவர்கள் செய்தது என்னவென்று நம் மும்பைத் தமிழ் மக்களுக்குத் தெரியவேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமாவாசையை ஒட்டிய நாள். மும்பைக் கடலில் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் உச்ச ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும். பிறகு மாலை ஆறு, ஆறரை வரை தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் நான்கு கயாக்குகளில் மார்வேயிலிருந்து கிளம்பி, மனோரிக் கரையோரமாக வடக்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். முகத்துவாரத்துக்கு வெளியே எழுந்த ஓர் அலை தோழியின் துடுப்பை வாரி இழுத்ததில் அவளுடைய வலது தோள் மூட்டு நழுவிவிட்டது. கயாக் ஓட்டுகிறவர்களுக்கு அடிக்கடி ஏற்படும் காயம் இது. அவளால் கையைத் தூக்கவே முடியவில்லை. இருவர் அவளுடைய கயாக்கை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கயிறு கட்டி இழுத்தார். கழியிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் உள்வாயிலிருந்து, வெளியே பாய்ந்த தண்ணீர் எங்களை முன்னேற விடவில்லை. ஓரமாக ஒதுங்கலாம் என்றால் வற்றிய இடமெல்லாம் பாறையும் சேறும். ஓதம் திரும்பும்வரை, அதாவது தண்ணீர் மறுபடி ஏற ஆரம்பிக்கும்வரை, வெளியிலேயே காத்திருப்பது என்று முடிவு செய்தோம். டிசம்பரில் இங்கே ஆறு மணி சுமாருக்குச் சூரியன் இறங்கிவிடும். அதற்குப் பிறகு அரை மணி நேரம்கூட வெளிச்சம் நிற்காது.

இனி, நன்றி சொல்ல வேண்டியவர்கள்.

செம்பூரில் இருக்கும் எங்கள் கப்பல்கார மாமா. தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கயாக் ஓட்டப் போகிறோம் என்று சொன்ன அன்றே எங்களை வீட்டுக்கு வரச் சொன்னார். ஜன்னலையெல்லாம் அடைத்து, விளக்கை அணைத்து, பேசாமல் உட்கார வைத்தார். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். பழகிய பிறகு அலமாரி, நாற்காலி, ஒருவர் முகம் ஒருவருக்கு என்று எல்லாம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. அப்போது ஒரே ஒரு நொடி டார்ச்சை எங்கள் பக்கம் அடித்து அணைத்தார். தெரிந்ததெல்லாம் போய்விட்டது. "பெரிய ஹெட்லேம்ப் மாட்டிக்கிட்டுப் போனா, பக்கத்துல வர்ற உன் கூட்டாளிக்கு இதுதான் நடக்கும்" என்றார். தண்ணீரில் ஏதாவது தேடவேண்டுமானால் மங்கலான சிவப்பு விளக்கு; நெற்றியில் பளீர் வெள்ளை கூடாது.

1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளை எங்களுக்குப் பொறுமையாக விளக்கியவரும் அவர்தான். துடுப்பால் ஓடும் படகுக்கு 25-ஆவது விதி மிக எளிய கடமையைத்தான் வைக்கிறது. பெரிய படகுகளைப் போலப் பக்க விளக்குகள் பொருத்தாவிட்டால், வெள்ளை வெளிச்சம் தரும் ஒரு டார்ச்சோ லாந்தரோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே அதைக் காட்டவேண்டும். கைக்கெட்டும் தூரம் என்பதை மாமா அழுத்திச் சொன்னார். கயாக்கின் பின்பக்க அறைக்குள் மூடி வைத்த டார்ச் இருந்தும் இல்லாததுதான். எதிரே வரும் படகில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நம்மை நோக்கியே வருகிறது, சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம் நமக்குத் தெரிகிறது என்பதை மேஜையில் இரண்டு பல்புகளை வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பளிச் பளிச்சென்று மின்னும் ஸ்ட்ரோப் விளக்கை உல்லாசத்துக்குப் போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். கவனத்தைத் திருப்புவதற்காக அதைப் பயன்படுத்துவதை 36-ஆவது விதியே தவிர்க்கச் சொல்கிறது. மிதவை விளக்குகளும் கலங்கரை விளக்கங்களும் மின்னித்தான் தங்களை அடையாளம் காட்டுகின்றன, நாமும் மின்னினால் மாலுமிக்குக் குழப்பம். உயிருக்கு ஆபத்து என்றால் அப்போது தயங்காமல் போடவேண்டும். மாமா, அன்று மாலை வெளிச்சம் குறையும்போதே எல்லோரும் தோள் விளக்கை நிலையாக எரியவிட்டோம். இருட்டி, அவளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்த பிறகுதான் ஸ்ட்ரோப்பைப் போட்டோம். நீங்கள் சொன்ன வரிசையில் ஒன்றுகூடத் தவறவில்லை.

லாமிங்டன் ரோட்டில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு அடுத்த நன்றி. ஆயிரக்கணக்கான லூமென்ஸ் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) என்று அட்டையில் போட்டிருந்த டார்ச்சுகளை நாங்கள் ஆசையோடு எடுத்தபோது அவர்தான் திருப்பி வைத்தார். இருட்டுக் கடலில் ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், தூரத்துக்கு ஒரு விளக்கு தெரிவதற்குக் கணக்குப்படி 0.9 கேண்டெலா போதும். ஏறக்குறைய ஒரு மெழுகுவத்தியின் ஒளி. கப்பல் லைஃப் ஜாக்கெட்டில் பொருத்தும் விளக்குக்கே 0.75 கேண்டெலாதான் கேட்கிறார்கள். ஆனால் அது எட்டு மணி நேரம் அணையாமல் எரியவேண்டும். அண்ணாச்சி பார்த்ததும் அந்த நேரக் கணக்கைத்தான். "நாப்பது நிமிசம் பளீர்னு எரிஞ்சு அணையுறது உங்களுக்கு எதுக்கும்மா? உங்களுக்கு வழி தெரியணும்னு வாங்காதீங்க, படகுக்காரனுக்கு உங்களைத் தெரியணும்னு வாங்குங்க." ஒவ்வொரு விளக்கையும் திறந்து ஓ-ரிங்கில் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சிலிகான் கிரீஸ் தடவி, ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு வைத்து, உள்ளே ஈரம் இறங்காததை மட்டும் தந்தார். நீர்த்தடுப்புக்கு ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் பொருள், உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் அடிபட்டால் அது வேறு கதை என்றார். பழைய செல்லோடு புதுசைக் கலக்கக் கூடாது, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசவேண்டும், வேலை இல்லாத மாதங்களில் செல்லைக் கழற்றி வைக்கவேண்டும் என்று வாங்கியவர்களிடமெல்லாம் சலிக்காமல் சொல்லி அனுப்பினார். வியாபாரத்தில் இவ்வளவு அக்கறையோடு ஒருவரைப் பார்ப்பது பெரிய விஷயம்.

தாராவியில் தையல் கடை நடத்தும் அக்கா எங்கள் லைஃப் ஜாக்கெட்டுகளில் வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டையைத் தைத்துக் கொடுத்தார். கப்பல் ஜாக்கெட்டுக்கு இந்தப் பட்டை மொத்தம் 400 சதுர சென்டிமீட்டராவது இருக்கவேண்டும் என்று சர்வதேச அளவு இருக்கிறது. அந்த அளவைச் சொன்னதும் அக்கா ஜாக்கெட்டை என்னைப் போடச் சொல்லி, "தண்ணிக்குள்ள விழுந்தா எதுவரைக்கும் வெளியில தெரியும்?" என்று கேட்டார். கழுத்தும் தோளும்தான் என்றேன். உடனே இடுப்பில் தைக்க எடுத்ததைப் பிரித்துத் தோளுக்கும் மேல் மார்புக்கும் மாற்றினார். நுரை இருக்கும் பகுதியில் ஊசி இறங்காமல் வெளித்துணியிலும் வாரிலும் மட்டும் தையல் போட்டார். விளக்கைக் கோக்கத் தோள் வாரிலேயே சின்னதாக ஒரு பட்டியும் வைத்தார். கயாக்கின் மேல் ஒட்டிய விளக்கு, கவிழ்ந்தால் கயாக்கோடு போய்விடும். தோளில் இருப்பது ஆளோடு இருக்கும். அந்தப் பட்டி இல்லாவிட்டால் அன்று விளக்கைக் கையில் பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்திருக்கும். எங்களிடம் அன்று சும்மா இருந்த கை ஒன்றுகூட இல்லை.

மார்வே ஜெட்டியில் நின்ற பெரியம்மா. நாங்கள் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் எத்தனை பேர், என்ன நிறக் கயாக், எந்த வழி, எத்தனை மணிக்குள் திரும்புவோம், என்னென்ன விளக்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வார். குறித்த நேரம் தாண்டியதும் அவர் கலங்கி நிற்கவில்லை. முதலில் ஃபெரி ஓட்டுகிறவர்களிடம் சொன்னார். பிறகு கடலோரக் காவல் படையின் 1554 எண்ணை அழைத்து அந்தத் தாளை அப்படியே வாசித்தார். நாங்கள் கரையேறியதும் மறுபடியும் அழைத்து, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று சொல்லி முடித்தவரும் அவரே. இந்த இரண்டாவது அழைப்பை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள். வந்து சேர்ந்தவர்களையே கடலில் தேடிக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் வேறு யாருக்கோ உதவி போய்ச் சேராது. 1554-இல் பேசிய முகம் தெரியாத அந்த ஊழியருக்கும் எங்கள் வணக்கம்.

இனி காகா. மனோரியின் மீனவர் குடியிருப்பான கோலிவாடாவில் எல்லோரும் காகா என்று கூப்பிடும் மூத்த மீனவர். இந்தப் பகுதியை அவருக்கு நானே மராத்தியில் சொல்லிக் காட்டப்போகிறேன்.

கடலிலிருந்து உள்ளே வரும் படகுக்கு எதிரே மலாட் பக்கத்து மாடிக் கட்டடங்களின் விளக்குகள் வரிசையாக நிற்கின்றன. அதற்கு முன்னால், தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை ஒரு மீட்டர் உயரம்கூட வராது. அவருடைய அசையாத சின்ன வெள்ளை விளக்கு அந்த வரிசையில் கரைந்துபோகும். காகா முதலில் பார்த்தது எங்கள் ஸ்ட்ரோப்பைத்தான். பார்த்ததும் யாரோ வலைக்குக் கட்டிய விளக்கு என்று நினைத்து, வலையைக் கிழிக்காமல் விலகிப் போகத் திரும்பினாராம். மிதவை வலைக்கு மினுக்கும் விளக்குக் கட்டுவது மீனவர்களுக்குப் பழக்கம்தான். திரும்பும்போது அதே இடத்தில் வேறு உயரங்களில் இன்னும் மூன்று விளக்குகள் இருப்பதைக் கவனித்திருக்கிறார். அதில் ஒன்று மூன்று முறை குறுக, மூன்று முறை நீள, மூன்று முறை குறுக, எஸ்ஓஎஸ் என்ற ஆபத்துச் சைகையை அடித்துக்கொண்டிருந்தது. கூடவே விசில் சத்தம். எஞ்சினை நிறுத்திக் காது கொடுத்தார். நாள் முழுக்க வலை இழுத்துக் களைத்து வீட்டுக்குத் திரும்பும் மனிதர், சந்தேகத்துக்கு நின்று கேட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அவர் தன் படகு விளக்கைத் திருப்பியபோது அக்கா தைத்த எட்டுத் தோள்களும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தன. அதன்பிறகு அவருக்குச் சந்தேகமே இல்லை. கிட்ட வந்ததும், மின்னுவதை அணைக்கச் சொல்லிக் கத்தினார். விட்டு விட்டு எரியும் விளக்கைப் பார்த்துத் தூரம் கணிக்க முடியாது, எங்கள் மேலேயே ஏறிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. அணைத்துவிட்டு நிலையான விளக்கைக் காட்டினோம். காற்று அடிக்கும் பக்கமாகப் படகை நிறுத்தி, அலையை மறைத்து, அடிபட்ட தோளைத் தொடாமல் ஜாக்கெட்டைப் பிடித்துத் தூக்கி அவளை உள்ளே படுக்க வைத்தார். தன் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். எங்கள் கயாக்குகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓதம் திரும்பியதும் மெல்லக் கழிக்குள் கொண்டுவந்து சேர்த்தார்.

ஜெட்டியிலிருந்து மருத்துவமனைக்கு எங்களை ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரருக்கும், மூட்டைச் சரிசெய்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் நன்றி.

காகாவிடம் டீசலுக்குப் பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. என் தோளில் இருந்த விளக்கைக் கழற்றி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன விலை, எங்கே கிடைக்கும், ஒரு செல்லுக்கு எத்தனை மணி நேரம் எரியும் என்று கேட்டார். அவருடைய பேரன்கள் சின்னப் படகில் விடியலுக்கு முன்னே தொழிலுக்குப் போகிறார்கள். காகா, உங்கள் குடும்பத்துப் படகுகளில் ஏறுகிற எல்லோருக்கும் அண்ணாச்சி விளக்கு எடுத்து வைத்துவிட்டார், இப்போது அவை வாளித் தண்ணீரில் கிடக்கின்றன. ஜாக்கெட்டுகளைக் கொடுத்தால் பட்டை தைத்துத் தருவதாக அக்காவும் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிறு காலை முதல் ஃபெரியில் நாங்கள் எல்லோரும் மனோரிக்கு வருகிறோம். கப்பல்கார மாமாவும் உங்களைப் பார்க்கவேண்டும் என்று கூடவே வருகிறார்.

நன்றியுடன்,
மார்வே கயாக் தோழர்கள் சார்பில்,
மலாட் மேற்கு, மும்பை