கதிர்வீச்சு வந்தது குழாய் வழியே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசிபிக் பெருங்கடலின் பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, சோதனைக்கு உதவ வந்த துணைக் கப்பல்கள் பல மைல் தள்ளி நின்றதால் அவற்றிலிருந்தவர்களுக்குப் பாதிப்பே இல்லை என்கிறது. வெடித்தபோது தள்ளி நின்றது உண்மைதான். வில்லங்கம் ஆரம்பித்தது அவை தீவு சூழ்ந்த காயலுக்குள் திரும்பிய பிறகு.

1946 ஜூலை 25 அன்று நடந்த 'பேக்கர்' சோதனையில் குண்டு நீருக்கடியில் 27 மீட்டர் ஆழத்தில் வெடித்தது. அதே மாதம் 1-ஆம் தேதி 'ஏபிள்' குண்டு வானில் வெடித்ததால் அதன் கதிரியக்கக் கழிவு பெரும்பாலும் மேலே போய்விட்டது. பேக்கரின் கழிவில் பெரும்பங்கு காயல் தண்ணீரிலும், குண்டின் விளைவைப் பார்க்க நிறுத்திய இலக்குக் கப்பல்களின் மேலும் தங்கிவிட்டது. குண்டிலிருந்த சுமார் 6 கிலோ புளூட்டோனியத்தில் பெரும்பகுதி பிளவுபடாமலே சிதறியது.

நங்கூரமிட்டு நிற்கும் கப்பலும் கடல்நீரை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்: கண்டென்சரைக் குளிர்விக்க, தீயணைப்புக் குழாய்க்கு, கழிப்பறைக்கு, நன்னீர் காய்ச்ச. எவாப்பரேட்டரில் (கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் கருவி) ஆவியாகிக் குளிரும் நீர் பெரும்பாலும் சுத்தம்தான். குடித்ததால் பெரிய ஆபத்தில்லை. பின்தங்குவதுதான் வம்பு. கடல்நீரிலுள்ள கால்சியம் சூடான குழாய்களின் மேல் வெள்ளைக் காரையாகப் படியும். குண்டின் கழிவிலுள்ள கதிரியக்க ஸ்ட்ரான்சியமும் பேரியமும் கால்சியத்தின் பங்காளிகள், அதே காரையில் சேர்ந்து உறைந்துவிடும். காரை தடித்தால் வெப்பம் கடத்தாது, நன்னீர் உற்பத்தி விழும். ஆக, திறந்து சுரண்டித்தான் தீர வேண்டும். காய்ந்த காரையைத் தட்டினால் தூள் பறக்கும். சுவாசிப்பவர் எஞ்சின் அறை ஊழியர்.

வெளிப்பக்கமும் அப்படித்தான். நீர்க்கோட்டுக்குக் கீழே ஒட்டிய பாசியும் சிப்பியும் துருவும் கதிரியக்கப் பொருளைப் பிடித்துவைத்தன. அன்றைய அனுமதி வரம்பு நாளுக்கு 0.1 ரான்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). பக்கத் தகட்டை ஒட்டிய படுக்கையில் மணிக்கு 0.01 காட்டுகிறது என்று வையுங்கள்: எட்டு மணி நேரத் தூக்கத்திலேயே 0.08 போய்விடும், வேலைக்குக் கிளம்பும் முன்பே.

வாங்கிய கதிரளவைப் பதிய உடையில் அணியும் ஃபிலிம் பேட்ஜ் எல்லோருக்கும் கொடுக்கப்படவில்லை. கொடுத்ததும் காமாவையும் ஓரளவு பீட்டாவையும்தான் பதியும். மூச்சில் போன புளூட்டோனியத்தின் ஆல்ஃபா கதிரை அது காட்டாது, அன்று கையில் இருந்த கைகர் கருவிகளும் காட்டவில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்புத் தலைவர் ஸ்டாஃபர்ட் வாரன், காயலில் பிடித்த மீனைப் புகைப்படத் தகட்டின் மேல் வைத்தார். மீன் தன் கதிராலேயே தன் உருவத்தைப் பதித்தது. அதைக் கண்ட பிறகே, ஆகஸ்ட் 10 அன்று, சோதனைகளின் தளபதி அட்மிரல் பிளாண்டி இலக்குக் கப்பல்களைக் கழுவும் வேலையை நிறுத்தினார். அதற்குள் தண்ணீர் பீய்ச்சியும் காரம் தேய்த்தும் பார்த்தாயிற்று. பெயின்டிலும் மரத்திலும் கயிற்றிலும் ஊறியது போகவில்லை. துணைக் கப்பல்களின் கடல்நீர்க் குழாய்களில் அமிலம் ஓட்டி, உலர்துறையில் அடிப்பாகத்தை மணல் பீய்ச்சிச் சுரண்டிய வேலை பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹன்டர்ஸ் பாயின்ட் தளத்தில் நடந்தது. பயன்படுத்திய அமிலமும் மணலும் புதிய கழிவாயின என்பது தனிக் கதை.

1954 மார்ச் 1-இல் அதே பிக்கினியில் 15 மெகாடன் 'பிராவோ' ஹைட்ரஜன் குண்டு வெடித்தபோது கப்பல்களில் தளத்தைக் கடல்நீரால் நனைத்துக்கொண்டே இருக்கும் தெளிப்பான்கள் இருந்தன. கதிரியக்கத் துகள் விழுமுன்பே தளம் நனைந்திருந்தால்தான் அவை உதவும். மரத்தளம் கொண்ட 'பாய்ரோகோ' விமானந்தாங்கியில் சிலருக்குத் தோலில் பீட்டாப் புண்களே வந்தன.

1946 சோதனைகளில் பங்கேற்றவர்களைப் பற்றி 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, ஒப்பிட்ட குழுவைவிட இறப்பு விகிதம் 4.6 சதவீதம் அதிகம் என்றது. ரத்தப் புற்றுநோயில் தெளிவான உயர்வு இல்லாததால், கதிர்வீச்சுதான் காரணம் என்று அது சொல்லவில்லை. ஆனால் பதிவான கதிரளவுகள் ஆய்வுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கியதும் அதே ஆய்வுதான். தாங்கள் திருத்தம் வெளியிட்டால் 'பாதிப்பு இல்லை' என்பதை 'நிரூபிக்கப்படவில்லை' என்று மாற்ற வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்கள் சிலர்,
சென்னை