சண்டை நடுவே நிற்கும் கேமரா

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) பற்றி வந்த கட்டுரை, அதிரடித் தொடர்களின் ‘ஃபேன் சர்வீஸ்’ காட்சிகளை, அதாவது ரசிகனைக் குஷிப்படுத்த உடம்பைக் காட்டும் காட்சிகளை, நம் சினிமாவின் குத்துப்பாட்டோடு ஒப்பிட்டிருந்தது. பாதிதான் பொருந்துகிறது. குத்துப்பாட்டை வெட்டி எறிந்தாலும் படம் ஓடும். அனிமேயில் அந்த ஷாட் சண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அது சண்டையைத் தூக்குகிறதா, கவிழ்க்கிறதா என்று பார்க்க வேண்டுமே தவிர, எவ்வளவு உடம்பு தெரிகிறது என்று முழம் போட்டுப் பயனில்லை.

முதலில் ஒரு கணக்கு. திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடினாலும், டிவி அனிமேயில் பெரும்பாலும் ஒரு ஓவியத்தை மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்திவைப்பார்கள். அதாவது நொடிக்கு 8 ஓவியம். நான்கு நொடி அசைவுக்கு ஒரு பாத்திரத்துக்கே 32 ஓவியம் ஆகிவிடும். அதே நான்கு நொடியில் நாயகியின் காலிலிருந்து முகம்வரை கேமரா மெல்ல ஏறினால், நீளமாக வரைந்த ஒரே ஓவியம் போதும். ரசிகனுக்கு விருந்து என்று நாம் நினைப்பது பல இடங்களில் ஸ்டூடியோவின் சிக்கனம்! கோளாறும் அங்கேதான். எதிரி எந்தப் பக்கம் நின்றான், வாள் எங்கிருந்து வந்தது என்பது அந்த நான்கு நொடியில் நமக்கு மறந்துபோகிறது. அடுத்து விழும் அடியில் உயிர் இருக்காது.

சரியாகச் செய்ததற்கு, மமோரு ஒஷீ இயக்கி 1995இல் வந்த ‘கோஸ்ட் இன் த ஷெல்’ படத்தைச் சொல்வேன். அதன் நாயகி மேஜர் மோட்டோகோ குசனாகியின் உடல் தொழிற்சாலையில் செய்தது. அது உருவாவதைத் தொடக்கத்திலேயே ஒளிக்காமல் காட்டிவிடுகிறார்கள். மேஜரிடம் வெட்கமும் இல்லை, கொஞ்சலும் இல்லை. கடைசியில் கவச டாங்கியின் மூடியைப் பிய்க்க முயலும்போது முதுகுத் தசைகள் புடைத்து, கைகளே பிய்ந்து போகின்றன. அதுவரை நாம் ரசித்த உடல்தான் அது. பார்த்தவனைக் கூசவைக்கும் இடம்.

இதே மேஜரை வைத்து 2002இல் கென்ஜி கமியாமா இயக்கிய ‘ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ தொடர், கதையில் படத்துக்குச் சளைத்ததல்ல. ஆனால் முதல் சீசனில், சக அதிகாரி டொகுசா கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்கு வர, மேஜர் மட்டும் நீச்சலுடை மாதிரி ஒன்றோடு அவர்களுடைய பாதுகாப்புப் படையான ஒன்பதாம் பிரிவின் அலுவலகத்தில் நடமாடுவார். ஏசி பழுது என்று நாமே காரணம் கற்பித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டுரை கரித்துக்கொட்டிய, ‘டீமன் ஸ்லேயர்’ தொடரில் அரக்கர்களை வேட்டையாடும் வாள்வீராங்கனை மிட்சுரியை நான் அவ்வளவு எளிதில் தள்ளமாட்டேன். 2025 செப்டம்பரில் அதன் திரைப்படமான ‘இன்ஃபினிட்டி காசில்’ தமிழ் டப்பிங்கிலும் வந்ததால் அந்தத் தொடர் இங்கே பலருக்கும் பழக்கம். மார்பு திறந்த அந்தச் சீருடை, மயேதா என்ற தையல்காரரின் விஷமம். சக வாள்வீராங்கனை ஷினோபுவுக்கும் அப்படி ஒன்று கொடுத்ததாகவும், அவள் அவர் கண்ணெதிரிலேயே கொளுத்திவிட்டதாகவும் மூலக் காமிக்ஸான மங்காவில் ஒரு குறிப்பு உண்டு. சப்பைக்கட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் மிட்சுரியின் வாள் நாடாபோல வளையும். அதைச் சுழற்ற உடம்பு முழுக்க வளைய வேண்டும். கேமரா அவளை முழு உருவமாகப் பின்தொடர அங்கே காரணம் இருக்கிறது. தசை மற்றவர்களைவிட எட்டு மடங்கு அடர்த்தி, அதற்கேற்ற பெரும்பசி. பெண் பார்க்க வந்தவன் இதையெல்லாம் இழித்துப் பேசிவிட்டுப் போக, முடிக்குச் சாயம் பூசி, பசியை அடக்கி, பலத்தை மறைத்து வாழப் பார்க்கிறாள். 2023இல் வந்த வாள்கொல்லர் கிராமக் கதையில் இதைச் சண்டையின் உச்சத்தில் சொல்வார்கள். ரசிகர்கள் அவளை விரும்புவது சீருடைக்காக மட்டும் என்று எழுதியவர் அந்த எபிசோடைப் பார்த்திருக்க மாட்டார்.

ஆண்களும் தப்பவில்லை. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ தொடரின் ராணுவ அதிகாரி மேஜர் ஆம்ஸ்ட்ராங் எதற்கெடுத்தாலும் சட்டையைக் கழற்றுவார், சுற்றிலும் மினுமினுப்பு பறக்கும். படைத்தவர் ஹிரோமு அரகாவா என்ற பெண். பிறகு ஸ்லாத் என்ற ராட்சத எதிரியுடன் நடக்கும் சண்டையில் இறைச்சிக்கடைக்காரர் சிக் வந்து சேர்ந்து, இருவரும் வெற்று மார்போடு நிற்கும்போது பழைய சிரிப்பே பலமாகிவிடுகிறது.

ஒரு தகவல் திருத்தம். நள்ளிரவுத் தொடர்களில் திரையை மறைக்கும் நீராவியும் வெள்ளை ஒளியும் ஓடிடி நிறுவனங்கள் சேர்த்தவை என்று கட்டுரை சொல்கிறது. அவை ஜப்பானிய டிவி ஒளிபரப்புக்காகவே போடப்படுபவை. டிஸ்க் வெளிவரும்போது பல தொடர்களில் நீக்கிவிடுவார்கள். டிஸ்க்கை வாங்கவைக்க அதுவும் ஒரு தூண்டில். ஓடிடியில் எந்தப் பிரதி கிடைத்ததோ அதுதான் ஓடும்.

கண்டிக்க வேண்டிய ஒன்றைக் கட்டுரை தொடவே இல்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பள்ளி மாணவிகளாக எழுதப்பட்ட பாத்திரங்கள்மீது இதே கேமராவைத் திருப்பும் தொடர்கள் ஏராளம். சிக்கனம், கதை, நகைச்சுவை என்று மேலே நான் சொன்ன எந்தக் காரணமும் அதற்குச் செல்லாது. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் பாராட்டுக் கடிதமாக இருந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி