செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25: மாமல்லபுரம் நமக்கு விட்டுச் சென்றது

கடலூர் சதுரங்க மன்ற உறுப்பினர்கள், பெற்றோர்கள், ஆட வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது, டிசம்பர் தவிர. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டிசம்பரில் ஏன் கூடவில்லை என்று உங்களுக்கே தெரியும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அதன் பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்து குண்டு உப்பலவாடி, நாணமேடு பக்கமெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தது. நம் பிள்ளைகள் சிலரின் பள்ளிப் புத்தகங்களே போய்விட்டன. டிசம்பர் போட்டிக்கு எடுத்து வைத்த பணத்தை அவர்களுக்கு நோட்டு, புத்தகம் வாங்கக் கொடுத்தோம், இதற்குப் பேரவையின் ஒப்புதலை இங்கே கேட்டுக்கொள்கிறேன். அந்த நெருக்கடிக்கு நடுவிலும் டிசம்பர் 12 சாயங்காலம் சிங்கப்பூரில் நம் சென்னைப் பையன் குகேஷ் சீனாவின் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது மன்றத்து அறையில் எழுந்த சத்தம் மஞ்சக்குப்பம் மைதானம் வரைக்கும் கேட்டிருக்கும்.

இனி முக்கியமான விஷயம். போன பேரவையில் நம் மூத்த உறுப்பினர் ஐயா ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: "2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடத்தினார்களே, அவ்வளவு செலவு, நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம், வேட்டி கட்டிய குதிரை 'தம்பி', எல்லாம் சரி, அதனால் கடலூருக்கு என்ன மிச்சம்?" நியாயமான கேள்வி, அன்றைக்கு நேரமில்லை, அதனால் இந்த அறிக்கையில் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

செஸ் ஒலிம்பியாட் என்பது நாடுகள் அணி அணியாக மோதும் உலகப் போட்டி. 2022-ல் அது ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போரால் அங்கிருந்து எடுக்கப்பட்டு, நான்கு மாதத்துக்குச் சற்று அதிகமான அவகாசத்தில் இங்கே நடந்தது. பொதுப் பிரிவில் 180-க்கும் மேற்பட்ட அணிகள், மகளிர் பிரிவில் சுமார் 160 அணிகள், அணிக்கு நான்கு பலகை, அப்படியென்றால் ஒரே நேரத்தில் கிட்டத்தட்ட 700 பலகையில் ஆட்டம். இத்தனைக்கும் புதிதாக ஸ்டேடியம் எதுவும் கட்டவில்லை, நட்சத்திர ஓட்டல் வளாகம் ஒன்றில்தான் நடந்தது. பாழடைந்து நிற்க ஒரு கட்டடமும் மிஞ்சவில்லை என்பதையே முதல் லாபமாக நான் கருதுகிறேன். மாண்ட்ரியல் நகரம் 1976 ஒலிம்பிக் கடனை அடைத்து முடிக்க 2006 வரை ஆனது.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. போட்டியை நடத்தும் நாடு கூடுதலாக அணி இறக்கலாம் என்பது விதி. அதனால்தான் நமக்குப் பொதுப் பிரிவில் மூன்று அணி, மகளிரில் மூன்று அணி கிடைத்தது. குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால் சரின், ரௌனக் சாத்வானி, அதிபன் இருந்த 'பி' அணி வெளிநாட்டில் நடந்திருந்தால் களத்துக்கே வந்திருக்காது! அந்த அணிதான் போட்டி தொடங்கும்போது தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அமெரிக்காவை 3-1 என்று வீழ்த்தி வெண்கலம் வாங்கியது. 16 வயது குகேஷ் தொடர்ந்து 8 ஆட்டம் வென்றார், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரவிடம் ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தைத் தோற்றதும் அங்கேதான். ஆடக் கிடைத்ததால்தான் இந்த அனுபவம் எல்லாம் கிடைத்தது. இரண்டே வருஷத்தில், 2024 செப்டம்பரில், புடாபெஸ்டில் இந்தியா இரண்டு பிரிவிலும் தங்கம் வாங்கியது.

அப்புறம், ஒலிம்பியாட் முடிந்ததும் கல்யாணப் பந்தலைப் பிரிப்பது போலப் பிரித்துவிட்டுப் போகாமல், 2023 டிசம்பரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியை நடத்தியது. அதில் முதலிடம் பிடித்துக் கிடைத்த புள்ளிகள் குகேஷுக்குக் கேண்டிடேட்ஸ், அதாவது உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில், ஆடும் வாய்ப்பு வாங்கித் தருவதில் பெரிய பங்கு வகித்தன. டொரண்டோவில் கேண்டிடேட்ஸை வென்றார், அங்கிருந்து சிங்கப்பூர். 2022-ல் நடத்திப் பழகியவர்களும் நடத்த வேண்டும் என்ற எண்ணமும் இல்லாவிட்டால் அந்த டிசம்பர் போட்டி ஏது? 2024 நவம்பரில் இரண்டாவது முறையும் நடந்தது, அரவிந்த் சிதம்பரம் வென்றார்.

கட்டடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் குளத்தில் இன்றும் போட்டிகள் நடக்கின்றன. பார்சிலோனாவில் 1992 ஒலிம்பிக்கை வைத்துக் கடற்கரையை அடைத்துக் கிடந்த பழைய தொழிற்சாலைகளை அகற்றி ஜனங்களுக்குக் கடலைத் திறந்துவிட்டார்கள், சில்வர் பீச் உள்ள ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை புரியும். எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்தது லாஸ் ஏஞ்சலிஸ்தான். 1984 ஒலிம்பிக்கில் மிஞ்சிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து அறக்கட்டளை வைத்து, இன்றைக்கும் அந்தப் பகுதிப் பிள்ளைகளின் விளையாட்டுக்குச் செலவு செய்கிறார்கள். தினமும் கதவைத் திறக்க ஆளும், வருஷா வருஷம் கொஞ்சம் பணமும் இருந்தால்தான் எந்தப் பெரிய போட்டியும் ஊருக்குப் பயன்படும்.

சரி, கடலூருக்கு வருகிறேன். 2022-க்கு முன்னால் நம் மன்றத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கட்டணம் கட்டிப் பயிற்சி எடுக்கும் வீட்டுப் பிள்ளைகள். ஆவின் பால் பாக்கெட்டில் செஸ் படம் வந்த அந்த ஜூலைக்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலிருந்தும் பழைய டவுனிலிருந்தும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள், பெண் பிள்ளைகள் தனியாக ஒரு வரிசை பிடிக்கும் அளவுக்கு. அவர்களில் பலர் இன்னும் வருகிறார்கள். மாமல்லபுரம் போய்ப் பார்த்து வந்த ஆசிரியை ஒருவர் நடுவர் பயிற்சி முடித்து இந்த வருஷம் நம் உள்ளூர்ப் போட்டியைத் தானே நடத்திக் கொடுத்தார், ஸ்விஸ் முறைப் பேரிங் (ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமமான புள்ளி எடுத்தவர்களை ஜோடி சேர்ப்பது) போட வெளியூர் ஆளைக் கூப்பிட வேண்டிய நிலை நீங்கியது. ஐயா கேட்ட கேள்விக்கு என் கையில் உள்ள நேரடியான பதில் இவர்கள்தான்.

வராதது எது என்றும் சொல்ல வேண்டும். ரேட்டிங் போட்டிக்கு, அதாவது ஆட்டக்காரரின் சர்வதேசத் தரப்புள்ளிக்குக் கணக்கில் வரும் போட்டிக்கு, இன்னமும் வெளியூருக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. என்ட்ரி ஃபீஸ், பஸ் செலவு, கூட வரும் அம்மாவின் ஒருநாள் கூலி, இவ்வளவும் சேர்ந்தால் மீனவர் வீட்டுப் பிள்ளை ஒரு போட்டியோடு நிறுத்திவிடுகிறது. செஸ் கடிகாரம் இல்லாமல் பழகிய பிள்ளை முதல் போட்டியில் நேரம் போய்த் தோற்கிறது. இதை மாநில அளவில் யாராவது சரிசெய்யட்டும் என்று காத்திருந்தால் 2022-ல் வந்த ஆர்வம் கரைந்துவிடும். பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

அதனால் பேரவையின் முன் வைக்கும் தீர்மானம்: உறுப்பினர் சந்தாவில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் என்ட்ரி ஃபீஸுக்கும் பயணச் செலவுக்கும் மட்டும் பயன்படுத்துவது, இந்த வருஷமே கடிகாரங்கள் வாங்குவது, மேலும் இரண்டு பேரை நடுவர் பயிற்சிக்கு அனுப்புவது, அதில் ஒருவராவது பெண்ணாக இருப்பது. கடலூரில் ரேட்டிங் போட்டி ஒன்றை நாமே நடத்த முடியுமா என்று பார்க்க ஒரு குழுவும் வேண்டும். பள்ளி விடுமுறையில் கல்யாண மண்டபம் மலிவாகக் கிடைக்கும் மாதம் எது என்று தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், குழுவில் சேர விரும்புகிறவர்கள் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்