22-ஆம் தேதி வந்த போன்

அன்புள்ள கண்ணா,

அம்மா எழுதுகிறேன். பணம் நேற்றே அனுப்பிவிட்டேன், வந்து சேர்ந்திருக்கும். திருப்பித் தர அவசரப்படாதே. மாதம் முடிய இன்னும் 9 நாள் இருக்கிறது, மளிகைக்கு வைத்த பணம் தீர்ந்துவிட்டது என்று என்னிடம் சொல்ல நீ எவ்வளவு தயங்கினாய் என்பது எனக்குத் தெரியும். முதலில் என் முழங்கால் வலியைக் கேட்டாய், அப்பாவைக் கேட்டாய், மழை பெய்கிறதா என்று கேட்டாய், அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாய். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. 22-ஆம் தேதி கையைப் பிசைந்துகொண்டு நின்ற மாதங்கள் எனக்கும் உண்டு. அதை உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

"நாங்க ரெண்டு பேர், ஒரு குழந்தை. மாசம் எவ்வளவு ஒதுக்கணும், ஒரு தொகை சொல்லும்மா" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். சொல்லியிருந்தால் அது தப்பான தொகையாகத்தான் இருந்திருக்கும். உன் வீட்டுத் தொகை உன் வீட்டு பில்களில்தான் இருக்கிறது. இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்யாணமான முதல் வருடம், மாதச் செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்று அப்பா கேட்டார். சிக்கனமானவள் என்று பெயர் எடுக்கும் ஆசையில் ஒரு சின்னத் தொகையைச் சொன்னேன். எந்தக் கணக்கும் போட்டுச் சொன்னதல்ல. மூன்றாவது வாரத்தில் துண்டு விழுந்தது. சொல்ல வெட்கப்பட்டு, கரண்ட் பில்லுக்கு வைத்திருந்த பணத்தில் கை வைத்தேன். அடுத்த மாதம் அதை அடைக்க மளிகைப் பணத்தில் கை வைத்தேன். இப்படியே 7 மாதம் ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் வந்து கரண்டை நிறுத்திவிட்டுப் போனார்கள். அப்போதுதான் அப்பாவுக்கே தெரியும்.

அவர் கோபப்படவில்லை. அன்று ராத்திரி மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, நான் டிராயரில் திணித்து வைத்திருந்த கடைச் சீட்டுகளை எல்லாம் எடுத்து விரித்தோம். மாத முதலில் பட்டியல் போட்டு வாங்கிய பெரிய பில்லை அவர் ஒரு பக்கம் வைத்தார். மறுபக்கம் துண்டுச் சீட்டுகள். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 17 இருந்தன. ஒவ்வொன்றிலும் நான் எதற்காகக் கடைக்குப் போனேனோ அது ஒரு வரி, போன இடத்தில் சேர்த்து வாங்கியது மூன்று, நான்கு வரி. முட்டைக்குப் போயிருக்கிறேன்; பிஸ்கட்டும் ஷாம்பூவும் ஜாம் பாட்டிலும் கூடவே வந்திருக்கின்றன. கூட்டிப் பார்த்தால் அந்த 17 சீட்டும் சேர்ந்து பெரிய பில்லில் முக்கால் பங்கு! அரிசியைக் குறைக்கலாமா, எண்ணெயைக் குறைக்கலாமா என்று 7 மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டை வேறு இடத்தில் இருந்திருக்கிறது.

அதனால் நீ முதலில் செய்ய வேண்டியது இதுதான். கடந்த 3 மாதத்து பில்களையும் போனில் பணம் கட்டிய விவரத்தையும் எடுத்துவைத்துக் கூட்டு. எதையும் குறைக்க நினைக்காதே, யாரையும் குற்றம் சொல்லாதே, வெறுமனே கூட்டு. 3-ஆல் வகுத்தால் வருவதுதான் இன்றைய தேதிக்கு உன் வீட்டு மளிகைச் செலவு. பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும், பரவாயில்லை. அடுத்த மாதத்துக்கு அதில் நூற்றுக்கு 5 மட்டும் குறைத்து வை. முதல் மாதமே 30 குறைக்கிறேன் என்று இறங்கினால் 10-ஆம் தேதிக்குள் வெறுத்துப்போய் நோட்டை மூடிவிடுவாய். அப்படி மூடியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணத்தோடு சேர்த்து இன்னொன்றையும் எண்ணு. மாதத்தில் எத்தனை தடவை வாங்கினாய் என்பதை. என்னைக் கேட்டால் தொகையைவிட இந்த எண்ணிக்கைதான் முக்கியம். எங்களுக்கு 17 தடவை என்பது 6 ஆகக் குறைந்தபோது பட்ஜெட் தானாக உள்ளே வந்து உட்கார்ந்தது.

இதில் உன்னை மட்டும் குறை சொல்ல முடியாது. கடை என்பதே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஒரு காலத்தில் கடைக்காரரிடம் பட்டியலைக் கொடுத்தால் அவரே உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்; நாம் கேட்டது மட்டும்தான் கைக்கு வரும். நாமே அலமாரிகளுக்கு நடுவில் நடந்து எடுத்துக்கொள்ளும் கடையை கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் திறந்தார். 1937-ல் ஓக்லஹோமா சிட்டியில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மேன், கையில் இருக்கும் கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று பார்த்து, சக்கரம் வைத்த தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். கை வலிப்பதுதான் அதுவரை நமக்கு வேலியாக இருந்தது என்பதை நினைத்துப் பார். அதனால் இரண்டு சாமானுக்குப் போனால் வண்டியும் எடுக்காதே, கூடையும் எடுக்காதே. கையில் பிடிக்கிறதை மட்டும் வாங்கிக்கொண்டு வா.

நீ இப்போது கடைக்குப் போவதைவிடப் போனில் தட்டி வாங்குவதுதான் அதிகம் என்று மருமகள் சொன்னாள். அதில் கை வலிக்கவே வலிக்காது. இன்னும் இவ்வளவுக்கு வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணம் இல்லை என்று காட்டும். அந்தச் சின்னக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க அதைவிடப் பல மடங்குக்குச் சாமான் சேர்ப்போம். தேவை என்று தோன்றியதை உடனே வாங்காமல், போனில் காட்டும் அந்த வண்டியில் (கார்ட்) போட்டு மட்டும் வை. வாரத்தில் ஒரு நாளை நிச்சயம் செய்துகொண்டு, அன்றைக்கு அதைத் திறந்து பார். பாதி, எதற்குப் போட்டோம் என்றே நினைவிருக்காது.

அப்புறம், மாதத்துக்கு 4 வாரம் என்று கணக்குப் போடாதே. நானும் வெகுநாள் அந்தத் தப்பைச் செய்தேன். பிப்ரவரியை விட்டால் எந்த மாதமும் 4 வாரத்தில் முடிவதில்லை. 2 நாளோ 3 நாளோ நீட்டிக்கொண்டு நிற்கும். பணத்தை 4 ஆகப் பிரித்தால் அந்த நாட்களுக்குச் சோறு எங்கிருந்து வரும்? 31 நாள் மாதம் என்றால் 31 பங்கு போடு. வாரத்துக்கு 7 பங்கு எடுத்தால் 28 போக 3 பங்கு கடைசிக்கு நிற்கும்.

இப்படிப் பங்கு போடுவது காய்கறி, பால், பழம், முட்டை மாதிரி அன்றாடச் சாமான்களுக்குத்தான். அரிசி, மாவு, எண்ணெய், சர்க்கரை, சோப்பு, துணி துவைக்கும் பவுடர் எல்லாம் மாத முதலிலேயே ஒரே தடவையாக வாங்கி, அந்தப் பணத்தைத் தனியாகக் கழித்துவிடு. எவ்வளவு வாங்குவது என்று தெரியாவிட்டால் ஒரு வழி சொல்கிறேன். எண்ணெய் பாட்டிலைத் திறக்கும் அன்றைக்கு அதன் மேலேயே பேனாவால் தேதியைப் போடு. தீர்ந்ததும் எத்தனை நாள் வந்தது என்று அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் எழுது. நம் வீட்டுக் கதவில் நீ சின்ன வயதில் கிறுக்கிய தாள் நினைவிருக்கிறதா, அது இதற்கு ஒட்டியதுதான். எங்களுக்கு 1 லிட்டர் 11 நாள் வந்தது. அப்போது 30 நாளுக்கு 3 லிட்டர் போதும், 4-ஆவது பாட்டில் அலமாரியில் சும்மா நிற்கும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 3 மாதம் இப்படி எழுதினால் அதற்கப்புறம் பட்டியல் போட 10 நிமிஷம்கூட ஆகாது.

விலையைப் பார்க்கும்போது எடையையும் பார். 200 கிராம் பாக்கெட் சத்தமில்லாமல் 180 கிராம் ஆகியிருக்கும், விலை அதேதான் இருக்கும். சாமான் நூற்றுக்கு 10 குறைந்தது. நாம் கொடுக்கும் விலை நூற்றுக்கு 11 கூடியது. எப்போதும் 100 கிராம் என்ன விலை என்று வகுத்துப் பார்த்துவிட்டு எடு. பெரிய பாக்கெட்தான் மலிவு என்று எண்ணாதே, பல சமயம் இருக்காது. 2 வாங்கினால் 1 இலவசம் என்று போட்டிருந்தால், மூன்றையும் தீர்த்தால்தான் மூன்றில் ஒரு பங்கு லாபம். ஒன்று கெட்டுப்போனால் 2-க்கு முழு விலை கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

கெட்டுப்போவதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். போன தடவை உன் வீட்டுக்கு வந்திருந்தபோது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கீரைக்கட்டு கறுத்து, கவரோடு ஒட்டி, தண்ணீராகக் கிடந்தது. நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தீர்கள். நான் எடுத்துப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன். அதற்குப் பின்னால் பாதி வெட்டிய எலுமிச்சை 2, திறந்த தயிர் டப்பா 3. உன் பட்ஜெட்டில் ஒரு பகுதி அங்கே உட்கார்ந்திருந்தது, கண்ணா. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2022-ல் உலகத்தில் வீணான உணவு சுமார் 105 கோடி டன்னாம். அதில் நூற்றுக்கு 60 வீணானது கடைகளிலோ ஓட்டல்களிலோ இல்லை, வீடுகளில். அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கீரைக்கட்டுதான் ஞாபகம் வந்தது.

ஃப்ரிட்ஜைத் திறந்ததும் கண்ணுக்கு நேராகப் படும் தட்டில் ஒரு டப்பாவை வை. சீக்கிரம் கெட்டுப்போகிற எல்லாம் அதில் வரட்டும். சமைக்க ஆரம்பிக்கும் முன்னால் முதலில் அந்த டப்பாவைத்தான் பார்க்க வேண்டும், என்ன சமைப்பது என்பதை அதுதான் சொல்ல வேண்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதே. பழுத்த வாழைப்பழமும் ஆப்பிளும் எத்திலீன் என்ற வாயுவை விடும். கீரையைப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். வாரச் சாமான் வாங்கும் நாளுக்கு முந்தின ராத்திரி, இருப்பதை வைத்து மட்டும் சமையுங்கள். நான் செய்ததில் அதிகப் பணம் மிச்சமானது இதில்தான்.

ஒன்று மட்டும் செய்யாதே. குழந்தையின் பாலிலும் பழத்திலும் முட்டையிலும் கை வைக்காதே. விலைவாசி ஏறும் மாதத்தில், எல்லாம் சரியாகச் செய்தும் தொகை தாண்டலாம். அப்போது உன்னைத் திட்டிக்கொள்ளாமல் தொகையை உயர்த்து. 1857-லேயே எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளைப் பார்த்து, வருமானம் குறைவாக இருக்கும் வீட்டில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு பெரிதாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார். சம்பாதிக்க ஆரம்பித்துச் சில வருஷமே ஆன உனக்கு அந்தப் பங்கு பெரிதாகத் தெரிவது ஊதாரித்தனம் ஆகாது. குறைக்கக்கூடிய அளவு என்று ஒன்று உண்டு, அதற்குக் கீழே போனால் உடம்புதான் வாங்கும்.

விருந்தாளிக்கென்று சின்னதாக ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வை. வரவில்லை என்றால் அடுத்த மாதத்துக்குப் போகட்டும். வந்தவர்களைப் பார்த்ததும் முகம் மாறாமல் இருக்க அந்தப் பணம் வேண்டும்.

கடைசியாக, இதை நீ மட்டும் செய்யாதே, மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். ஆனால் "இது எதுக்கு வாங்கினே?" என்று அவளை ஒரு நாளும் கேட்காதே. அப்பா என்னை அந்தக் கேள்வி கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் நான் சீட்டை ஒளித்திருப்பேன். ஒளித்த சீட்டு கணக்கில் வராது. இரண்டு பேருக்கும் கேள்வி கேட்காத கைச்செலவு கொஞ்சம் இருக்கட்டும், மளிகைக் கணக்கில் அது சேர வேண்டாம்.

இந்தக் கடிதத்தோடு என் பழைய நோட்டு ஒன்றையும் அனுப்புகிறேன். முதல் சில பக்கங்களில் எழுத்து அழிந்திருக்கும், சமையல் செய்த கையோடு எழுதியது. நடுவில் அந்த 17 சீட்டுகளைக் கூட்டிய பக்கம் இருக்கிறது, கூட்டல் அப்பாவின் கையெழுத்து. பின்பக்கம் 40 தாள் காலியாக இருக்கிறது, அதிலேயே எழுது. வருகிற மாதமும் 22-ஆம் தேதி போன் பண்ணு. கையில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லு. குறைவாக இருந்தாலும் பண்ணு.

குழந்தைக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா