சமூகப்பணிப் படிப்பை நிறுத்தப் போவதாகச் சொன்ன என் அண்ணன் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

எம்.எஸ்.டபிள்யூ.வை முதல் வருடத்தோடு விட்டுவிட்டு பி.எட். சேரப் போகிறாயாம், உன் அப்பா சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் களப்பணிக்குப் போகிறாய், பேசுகிறாய், ரிப்போர்ட் எழுதுகிறாய், உன்னால் அந்த ஊரில் ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லை என்று அவரிடம் அழுதாயாம். அவரும் தன் பங்குக்கு, "நாலு பேருக்கு நல்லது செய்ய எதுக்கும்மா டிகிரி?" என்று என்னைக் கேட்டார். போனில் பேசினால் நீ "சரி அத்தை, சரி அத்தை" என்றே முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் உன்னைப் போலக் குழம்பி நிற்கிற பிள்ளைகள் நிறைய இருப்பதால், எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலில் உன் அப்பா கேள்விக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். 6,000 பேருக்கு மேல் போனார்கள். அடுத்த நாளிலிருந்து எங்கெங்கிருந்தோ லாரி லாரியாக உதவி வந்தது. அதில் நிறையப் பழைய துணி. கட்டவும் முடியாத, கொடுக்கவும் முடியாத துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. நேற்று வரை சொந்தப் படகில் கடலுக்குப் போன குடும்பத்துப் பெண் அடுத்தவர் உடுத்திய சேலையைக் கைநீட்டி வாங்குவாளா? அனுப்பியவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள்தான், பாப்பா. ஆனால் அங்கே என்ன வேண்டும் என்று யாரும் கேட்டுவிட்டு அனுப்பவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. படகு போனவருக்கும் வலை போனவருக்கும் இழப்பைக் கணக்கெடுக்க முடிந்தது. கடல்நீர் ஏறி உப்பாகிப் போன வயல்களில் கூலிக்கு நட்டுக்கொண்டிருந்த தலித் குடும்பங்களுக்கு? நிலமும் அவர்களுடையதில்லை, படகும் இல்லை. போனது வேலை. அது எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. அதனால் பல இடங்களில் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். பட்டியலைக் கையில் வாங்கியதும் இதில் யார் பெயர் இல்லை என்று தேடுகிற பழக்கம் நல்ல மனசு இருப்பதால் மட்டும் வந்துவிடாது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

இந்த நாட்டில் இந்தப் படிப்பு பிறந்ததும் இப்படித்தான். கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் பம்பாயின் நாக்பாடாவில் உழைக்கும் மக்களுக்காக 1926இல் ஒரு மையம் தொடங்கினார். இதற்கென்று பயின்ற ஆட்கள் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்று கண்டார். 1936இல் டாடா அறக்கட்டளையின் உதவியோடு சமூகப்பணிக்கென்று ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளி வந்தது. இன்றைய டிஸ், அதாவது டாடா சமூக அறிவியல் நிறுவனம், அதுதான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். நீ உட்கார்ந்திருக்கிற வகுப்பறைக்குப் பின்னால் இவ்வளவு பேருடைய யோசனை இருக்கிறது.

இனி உன் பிரச்சினை. காலை பத்தரை மணி பஸ்ஸில் போய் இறங்கினால் ஊரில் கிழவன் கிழவிகளைத் தவிர ஆளே இல்லை என்கிறாய். எப்படி இருப்பார்கள்? ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்தால் குறுவை நடவு, அப்புறம் சம்பா, தாளடி. விடியற்காலையில் வயலுக்குப் போன பெண்கள் மதியத்துக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள். ஆண்களில் பாதிப்பேர் திருப்பூரிலோ கேரளாவிலோ இருப்பார்கள். தை, மாசியில் அறுப்பு முடியும். அதுவும் இப்போது மெஷின் அறுப்பு, பெண்களுக்கு வேலை இல்லை. பங்குனியில் உளுந்து, பயறு பறிக்கிற வேலை கொஞ்சம் கிடைக்கும். அதற்குப் பிறகு கை காய்ந்துபோகும். வாரக் கடன்காரர் வாசலில் வந்து உட்காருவதும், பத்தாவது முடித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும், பையன் கேட்டரிங் வேலைக்குக் கிளம்புவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். அப்போது நீங்கள் செமஸ்டர் எழுதிவிட்டு லீவில் இருப்பீர்கள்! கல்லூரி நாட்காட்டியும் டெல்டாவின் வெள்ளாமைக் கணக்கும் இப்படி முரண்படுவதை நம் துறைகள் பேசி மாற்ற வேண்டும் என்று எனக்குப் பலகாலமாக ஆதங்கம். மாறும் வரைக்கும், உன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு நேரத்தையாவது மாற்றிக்கொள்.

உன் ரிப்போர்ட்டுகளை உன் அப்பா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கோபித்துக்கொள்ளாதே, படித்தேன். ஒரு பெண் பள்ளியை விட்டு நின்றதைப் பற்றி, "பெற்றோரிடம் கல்வி குறித்த விழிப்புணர்வு இல்லை" என்று முடித்திருக்கிறாய். அதே ரிப்போர்ட்டில் மூன்று வரிக்கு முன்னால், மேல்நிலைப்பள்ளி அடுத்த ஊரில் என்றும், ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் பஸ் போய்விடும் என்றும், அம்மா நடவுக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றும் நீயேதான் எழுதியிருக்கிறாய். அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும், பாப்பா. இருட்டில் ஆற்றங்கரையில் மகள் நடந்து வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நீ கேட்டதைச் சரியாகக் கேட்டிருக்கிறாய், கவனமாக எழுதியும் இருக்கிறாய். முடிவை மட்டும் கேட்டதிலிருந்து எடுக்காமல் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டிவிட்டாய். ரிப்போர்ட்டை மார்க்குக்காக எழுதுவதாக எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு இந்தப் படிப்பிலேயே பெரிய பகுதி அதுதான். அவர் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, அப்போது எனக்குள் என்ன ஓடியது என்று பிரித்து எழுதக் கற்றவள் பிற்காலத்தில் யார் வாழ்க்கையிலும் அவசரப்பட்டுக் கை வைக்க மாட்டாள்.

கேஸ் ஒர்க் வகுப்பில், அதாவது தனி ஆளுக்கும் குடும்பத்துக்கும் உதவுகிற முறையைச் சொல்லித்தருகிற வகுப்பில், ஃபெலிக்ஸ் பீஸ்டெக் வகுத்த ஏழு கோட்பாடுகளைப் படித்திருப்பாய். ரகசியம் காப்பது அதில் ஒன்று. நம் ஊரில் அது எவ்வளவு கஷ்டம் என்று எந்தப் புத்தகமும் உனக்குச் சொல்லாது. ஒரு வீட்டு வாசலில் புது ஆள் பத்து நிமிடம் நின்றால் டீக்கடை வரைக்கும் சேதி போய்விடும். குழந்தைத் திருமண விஷயமாக ஜீப் வந்து நின்றால், அந்தப் பெண் பெயர் அன்றைக்கே தெருவில் அடிபடும். களத்தில் இருக்கிற நாங்கள் அங்கன்வாடி டீச்சரோடு சேர்ந்துதான் போவோம். நாலு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு ஐந்தாவதாகப் போக வேண்டிய வீட்டுக்குப் போவோம். மாமியார் எதிரில் வாயே திறக்காத பெண் குழாயடியிலோ வரப்பிலோ தானாகப் பேசுவாள். இதெல்லாம் நீ அங்கே போய்ப் போய்ப் பிடிக்க வேண்டிய நுட்பம்.

உன் புத்தகங்களில் எனக்கும் குறை உண்டு. பெரும்பாலும் அமெரிக்காவில் உருவான முறைகள், அமெரிக்கக் குடும்பங்கள். முறைகளை வரிசையாகச் சொல்லும்போது சமூகச் செயல்பாடு, அதாவது மக்கள் சேர்ந்து நின்று உரிமை கேட்கிற முறை, கடைசி அத்தியாயமாக வரும், பரீட்சை நெருக்கத்தில் ஓடிவிடும். கீழைத் தஞ்சையில் படிக்கிற பிள்ளைக்கு அதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்ற விவசாயக் கூலிகளின் குடும்பங்கள் அவை. அந்தச் செய்தி கேட்டு இந்த மண்ணுக்கு வந்த காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இங்கேயே தங்கினார்கள். 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத பெண்கள் பெயரில் நிலம் வாங்கிப் பதிவு செய்துகொடுத்தார்கள். கடற்கரையோர வயல்களை இறால் பண்ணைகள் விழுங்கியபோது ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996இல் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நீ போகிற ஊரில் நிலம் யாருடையது, கோயிலுடையதா, மடத்துடையதா, குத்தகை யாரிடம், இதை விசாரிக்காமல் ஒரு குடும்பத்தின் வறுமையையும் நீ புரிந்துகொள்ள முடியாது. கோலமாவில் ஊர்ப்படம் வரையச் சொல்வீர்கள் இல்லையா, அதை ஊர்த்தெருவில் ஒரு முறையும் காலனியில் ஒரு முறையும் தனித்தனியாக வரையச் சொல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

சம்பளத்தைப் பற்றி உன் அப்பா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். குழந்தைப் பாதுகாப்பு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர், தொண்டு நிறுவனங்கள் என்று எங்கே பார்த்தாலும் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பது போல எல்லாச் சமூகப்பணியாளருக்கும் பொதுவான பதிவு நம் நாட்டில் இல்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். உனக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் நாட்டம் இருந்தால் அந்தச் சிறப்புப் பாடத்தை எடு. மனிதவளம் எடுத்துக் கம்பெனிக்குப் போகிறவர்களை மட்டமாகப் பேசாதே. தொழிலாளர் நல அதிகாரி என்கிற பதவி 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் வந்தது, அங்கேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் மூன்று மணி பஸ்ஸில் போ. அந்தப் பெண்ணின் அம்மா வயலிலிருந்து வந்திருப்பார். பள்ளியைப் பற்றி எதுவும் கேட்காதே. பஸ் எத்தனை மணிக்கு வந்தால் தோதுப்படும் என்று மட்டும் கேள், இன்னும் எத்தனை வீட்டில் இதே சிக்கல் என்று கேள். அவர்களாகக் கையெழுத்துப் போட்டு டெப்போவுக்கு மனுக் கொடுக்க முன்வந்தால் கூடப் போ. மனுவை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லி நீ எழுது. பஸ் நேரம் மாறாமலும் போகலாம். அப்படிப் போனால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது.

அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இரண்டாம் வருட பிளாக் பிளேஸ்மென்ட், ஒரே இடத்தில் தொடர்ந்து செய்கிற அந்தக் களப்பணி, முடிகிற வரைக்கும் பொறு. அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் பி.எட். கட்டணத்தை நானே கட்டுகிறேன்.

அன்புடன்,
அத்தை