வயது ஏறாத இரட்டையர்

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வீட்டுக்குச் சாயம் பூச ஆள் வந்திருந்தார்கள். மேசை நாற்காலியெல்லாம் வாசலில் கிடந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. உன் முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசு லேசானது. காலை நடையை மட்டும் விட்டுவிடாதே. இங்கே சின்னவளுக்கு ஜொகூரில் வேலை கிடைத்துவிட்டது. அவள் ஆசைப்பட்ட வேலைதான், ஆனாலும் அவள் பெட்டி கட்டுவதைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, உன் பேரனின் கார்ட்டூன் விஷயத்துக்கு வருகிறேன். "எந்நேரமும் உப்பின் இப்பின்தான். பார்த்த பாகத்தையே மறுபடி மறுபடி பார்க்கிறான். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். நிறுத்தாதே ஜெயா. முடிந்தால் நீயும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாகம் பார். பாலர் பள்ளியில் இத்தனை வருஷம் பிள்ளைகளோடு கிடந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

உப்பின், இப்பின் என்ற இரட்டைப் பையன்களைப் பற்றிய அந்த மலாய்க் கார்ட்டூன் 2007-ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் டிவி 9-இல் முதன்முதலில் வந்தது. மொத்தமே ஆறு பாகம், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. ஷா ஆலமில் உள்ள லெஸ் கொப்பாக் நிறுவனத்தாருக்கு அப்போது 'கெங்' என்ற முழுநீளப் படம்தான் பெரிய கனவு. ஜனங்கள் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நாடி பிடித்துப் பார்க்கத்தான் இந்த இரட்டையரை முன்னால் அனுப்பினார்கள். 2009-இல் படமும் வந்தது, நம் மலேசியாவின் முதல் முப்பரிமாண அனிமேஷன் படம் என்ற பேரையும் வாங்கியது. ஆனால் வீடு வீடாகப் புகுந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது முன்னால் அனுப்பிய இரட்டையர்தான். 2019-இல் வந்த அவர்களுடைய படம் ஆஸ்கார் பரிசீலனைப் பட்டியலில் இருந்த 32 அனிமேஷன் படங்களில் ஒன்று. நமக்கு அது பெருமை. உன் பேரனுக்கு அதைவிட இப்பின் ஆசையாகத் தின்னும் கோழிக்கால்தான் முக்கியம்.

அந்தக் கோழிக்காலில்தான் விஷயமே இருக்கிறது. அந்தக் கதைகளில் பெரும்பாலும் உலகத்தைக் காப்பாற்ற யாரும் பறந்து வருவதில்லை. நோன்பு நாளில் வயிறு பசிக்கிறது, பொம்மை காணாமல் போகிறது, கூட்டாளி கோபித்துக்கொள்கிறான், செய்த குறும்பு அக்கா காதுக்குப் போய்விடுகிறது. நமக்கு இதெல்லாம் ஒன்றுமேயில்லை. ஐந்து வயதுக்கு இதுதான் முழு வாழ்க்கை. அதை அந்த உயரத்திலேயே குனிந்து பார்க்கிறார்கள், மேலே நின்றுகொண்டு புத்தி சொல்வதில்லை. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் காலத்தில் பார்த்த பிள்ளைகளுக்கு இன்று வேலையும் சம்பளமும் வந்துவிட்டது. இரட்டையரோ இன்னும் தாடிக்கா மெஸ்ரா என்ற பாலர் பள்ளியில் பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நம் வகுப்புக்குப் புதுசாக வரும் பிள்ளைகளுக்கு அவர்கள் சம வயதுக்காரர்கள். பழசாகிப்போக வழியே இல்லை.

இன்னொன்று, அதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த இரண்டு பையன்களுக்கும் தாய் தகப்பன் கிடையாது. பாட்டி ஓப்பாவும் அக்கா ரோஸும்தான் வளர்க்கிறார்கள். அதை மூடி மறைக்கவும் இல்லை, சொல்லிச் சொல்லி அழவைக்கவும் இல்லை. பெருநாள் என்றால் அவர்களுக்குப் புதுச் சட்டையோடு கல்லறைக்குப் போவதும் உண்டு. என் வகுப்பில் அம்மாவை இழந்த பெண் பிள்ளை ஒருத்தி இருந்தாள், பேர் வேண்டாம். வீட்டில் யாரும் அவளிடம் அதைப் பேசுவதேயில்லை, பேசினால் அழுவாள் என்ற பயம். ஒருநாள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலேயே, "டீச்சர், உப்பினுக்கும் அம்மா இல்ல, ஆனா அவன் சிரிக்கிறான்" என்றாள். சொல்லிவிட்டுப் பச்சைப் பென்சிலைத் தேட ஆரம்பித்துவிட்டாள். பெரியவர்கள் யாரும் எடுத்துக்கொடுக்காத ஒரு வார்த்தையை அந்தக் கார்ட்டூன் அவளுக்குக் கொடுத்திருந்தது. அன்றிலிருந்து அதை வெறும் பொழுதுபோக்கு என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

அக்கா ரோஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் கத்துகிறாள், மிரட்டுகிறாள் என்று சில பெற்றோர் குறைபட்டுக்கொள்வார்கள். சின்ன வயதிலேயே வீட்டுப் பாரம் தலையில் விழுந்த பெண் வேறெப்படி இருப்பாள்? கத்திய வாயாலேயே கூப்பிட்டுச் சோறும் போடுகிறாள். தோட்டத்தில் நம்மை வளர்த்த அக்காமார்கள் எல்லாம் அப்படித்தானே இருந்தார்கள்? நீயும் நானும் வாங்காத ஏச்சா?

அவர்கள் இருக்கும் கம்போங் டுரியான் ருந்து கிராமத்தில் நம் தமிழ் ஆளும் உண்டு, உனக்குத் தெரியும். முத்து அங்கிளின் சாப்பாட்டுக் கடை இல்லாமல் அந்தக் கிராமம் இல்லை. மாட்டோடு சுற்றும் ராஜு இருக்கிறான், வகுப்பில் தேவி இருக்கிறாள். தீபாவளி பாகம் ஓடும்போது என் பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக்கொண்டு பார்ப்பார்கள், "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். மெய் மெய், பந்துன் என்ற மலாய்க் கவிதை சொல்லும் ஜர்ஜிட், ஜகார்த்தாவிலிருந்து வந்த சுசாந்தி என்று எல்லாரும் ஒரே வகுப்பில். இந்தோனேசியாவிலும் இதற்குப் பெரிய கூட்டம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வேலை செய்யும் சுமத்ராக்காரப் பெண், ஊரில் இருக்கும் தன் மகனும் இதைத்தான் பார்க்கிறான் என்று சொல்லிப் பூரித்துப்போகிறாள். போனில் அம்மாவும் மகனும் அதைப் பற்றியே பேசுகிறார்களாம்.

எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. ராஜுவுக்கும் தேவிக்கும் இன்னும் நிறையக் கதை கொடுத்திருக்கலாம். அவர்கள் வீட்டு அடுப்படி, அவர்கள் பாட்டி, கோயில் திருவிழாவுக்கு முந்தின இரவு, இதையெல்லாம் பார்க்க எனக்கு ஆசை. அதைவிடப் பெரிய ஆசை, நம் ஊர்க் குடியிருப்பு வீட்டுப் பிள்ளைகளை வைத்து நாமே இப்படியொன்று தமிழில் செய்ய வேண்டும். படம் வரையவும் கணினியில் அசைவு கொடுக்கவும் படித்த பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். பணம் போட முன்வருபவர்கள்தான் இல்லை. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

"இதையே பார்த்தால் மலாய்தான் வரும், தமிழ் போய்விடுமோ" என்று உன் மருமகள் பயப்படுவதாக எழுதியிருந்தாய். என் வகுப்பில் நான் செய்துபார்த்த ஒரு வழியைச் சொல்கிறேன். ஒரு பாகத்தைச் சத்தத்தை அடைத்துவிட்டுப் போட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஆள். யார் என்ன பேசுகிறார்கள் என்று அவர்களே தமிழில் சொல்ல வேண்டும். முதலில் வெட்கப்பட்டார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே! வாயே திறக்காத ஒரு பையன் அக்கா ரோஸாக இடுப்பில் கை வைத்து நின்று, "எத்தன வாட்டிடா சொல்றது, கால கழுவிட்டு உள்ள வான்னு!" என்றான். அப்படியே அவன் பாட்டியின் குரல். கோழி விற்கும் மாயிலாக இருந்தவன் "ரெண்டு ஒரு வெள்ளி, ரெண்டு ஒரு வெள்ளி" என்று மேசை மேசையாகப் போய் அழிரப்பர் விற்றான். அந்த வகுப்பில் தமிழ் எங்கேயும் போகவில்லை, நம்பு. உன் மருமகளிடம் சொல். ஒரு கதைக்கு மூன்று பகுதி, ஒவ்வொன்றும் ஏழு நிமிடம் போலத்தான் வரும். சோறு வேகிற நேரத்தில் ஒன்று முடிந்துவிடும்.

திரும்பத் திரும்பப் பார்க்கிறானே என்றும் கவலைப்படாதே. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது அந்த வயதில் பெரிய தைரியம். இப்பின் வாயைத் திறக்கும் முன்பே "பெத்தூல், பெத்தூல், பெத்தூல்" (சரி, சரி, சரி) என்று உன் பேரன் சொல்லிவிடுகிறானா இல்லையா, பார். நேரத்துக்கு மட்டும் ஒரு கணக்கு வை. சாப்பிடும்போது போட்டுக்கொடுக்காதே, தட்டில் இருப்பது என்ன என்றே தெரியாமல் விழுங்குவான்.

பள்ளி விடுமுறைக்கு அவனை அழைத்துக்கொண்டு வா ஜெயா. ஈப்போவில் ரயில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கலாம், அங்கிருந்து படகு. நான் படகுத்துறைக்கு வந்துவிடுகிறேன். நீ சொன்ன அந்தப் புதினாத் துவையல் பொடி இருந்தால் கொஞ்சம் எடுத்து வா, இங்கே கடையில் வாங்குவது வாயில் வைக்க முடியவில்லை. தேதியை முன்கூட்டியே எழுது. சின்னவள் கிளம்புவதற்கு முன்பு வந்தால் அவளும் உன்னைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
மல்லிகா
ஜெலுத்தோங், பினாங்கு